பிக்அப் படகல்ல

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது வாகனங்களும் மூழ்கின. ஆனாலும் பிக்அப் வைத்திருப்பவருக்கு வெள்ளத்தைக் கண்டால் தனித் துணிச்சல்!

ஃபோர்ட் ரேஞ்சரின் நான்கு சக்கர இயக்க ரகத்துக்கு 800 மில்லிமீட்டர் ஆழம் என்கிறது தயாரிப்பாளர் கணக்கு. அது நின்ற நீருக்கு. எதிரே ஒரு லோரி வந்தால் போதும், அலை எழும்பிக் காற்றுக்குழாய்க்குள் நீர் புகும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும்.

குறைந்த கியரில், நிற்காமல், மெதுவாகச் செல்லுங்கள். நடுவில் இஞ்சின் அணைந்தால்? பதறிச் சாவியைத் திருப்பாதீர்கள். அணைந்தபோது தப்பிய இஞ்சினும் அந்தத் திருப்பலில்தான் சாகிறது. ஆட்களை முதலில் மேட்டுக்கு ஏற்றுங்கள், வண்டியை இழுத்துக்கொள்ளலாம்.

பட்டறையில் டிஃப்ரென்ஷியல் எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த தேநீர் போலிருந்தால், உள்ளே நீர் புகுந்துவிட்டது.