பெயர் அறிந்து மருந்திடுவோம்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பூஞ்சை நோய்களைப் பற்றிப் பேச மருத்துவர் இருக்கையில் தமிழாசிரியர் எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். நோயை ஆராய்ந்து மருந்து கொடுப்பது மருத்துவர் கடமை. ஆனால் மருத்துவரிடம் போகுமுன் நம் வீடுகளில் நடப்பது வேறு. தோலில் வரும் நோயைச் சொல்ல நாணுகிறோம். கண்ணால் பார்த்து ஒரு பெயர் வைக்கிறோம். அந்தப் பெயரைக் கடையில் சொல்லிக் களிம்பு வாங்குகிறோம். இந்த மூன்று பழக்கங்களால் ஒரு மாதத்தில் தீர வேண்டிய நோய் ஓராண்டு நீடிப்பதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். வட்டமாகத் தோன்றி, ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து விரியும் நோயைப் படர்தாமரை என்கிறோம். ஆங்கிலத்தில் அதனை வளையப்புழு என்னும் பொருளில் வழங்குகின்றனர். அதில் தாமரையும் இல்லை, புழுவும் இல்லை. நம் தோலின் மேலடுக்கு, முடி, நகம் ஆகிய மூன்றும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. அதனை உண்டு வாழும் பூஞ்சைகளே படர்தாமரைக்குக் காரணம். கால்விரல் இடுக்கில் வெளுத்து வெடிக்கும் சேற்றுப்புண்ணிலும், நகம் மஞ்சளாகித் தடித்துப் பொடிந்துபோவதிலும் பெரும்பாலும் இவற்றின் வேலை உண்டு. தேமல் வேறு. பழைய இலக்கியத்தில் சுணங்கும் தேமலும் மகளிர் மேனியழகாகப் போற்றப்பட்டன. இன்று நாம் தேமல் என்பது மலசீசியா என்னும் பூஞ்சையால் வருவது. அது எல்லோர் தோலிலும் அமைதியாக இருப்பதே. வெப்பமும் வியர்வையும் மிகும்போது பெருகித் தோலின் நிறத்தை மாற்றுகிறது. மருந்தால் பூஞ்சை ஒழிந்த பிறகும் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் மருந்து பலிக்கவில்லை என்று சோர்ந்துவிடக் கூடாது.

ஒன்றுபோல் தோன்றுவன எல்லாம் ஒன்றல்ல என்பதே இங்குள்ள சிக்கல். கரப்பான், சொரியாசிஸ், ஒவ்வாமை ஆகியவையும் வட்டமாக வரலாம், செதில் உதிர்க்கலாம், அரிக்கலாம். தேமல் என்று நாம் விட்டுவிடும் வெளிறிய திட்டு, தொட்டால் உணர்ச்சி குறைந்திருந்தால், தொழுநோயின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். கண்டவுடன் பெயரிடுவது எவ்வளவு இடர் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அப்படியானால் உண்மைப் பெயரை அறிவது எப்படி? அதற்கான சோதனை எளியது, செலவும் பெரிதன்று. திட்டின் ஓரத்தில் பூஞ்சை மிகுதியாக இருக்கும். அவ்வோரத்தை மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டி, உதிரும் செதிலைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விடுவார்கள். கரைசல் தோலணுக்களைக் கரைத்துத் தெளிவாக்கும். பூஞ்சையின் கிளைத்த இழைகள் நுண்ணோக்கியில் தெரியும். பெரும்பாலும் அன்றே விடை கிடைத்துவிடும். எந்த வகைப் பூஞ்சை என்று அறிய வேண்டுமானால் செதிலை ஊட்டப்பொருளில் இட்டு வளர்ப்பார்கள். அதற்கு நான்கு வாரங்கள் வரை ஆகலாம். நகமாயின் நகத்துண்டை வெட்டி அனுப்புவார்கள். சோதனைக்கு முன் களிம்பு பூசியிருந்தால் பூஞ்சை கண்ணுக்கு அகப்படாமல் போகலாம். எனவே பூசியது எது, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; முடிந்தால் அந்தக் குழாயையே கையில் எடுத்துச் செல்லுங்கள்.

சோதித்து அறிவதன் அருமையை உணர்த்த நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மருத்துவ நூல்களில் மதுரைக் கால் என்றொரு நோய் இன்றளவும் பேசப்படுகிறது. 1842-இல் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் ஆங்கில மருத்துவர் அதனைக் குறித்து எழுதினார். ஊர்ப்பெயரே நோய்க்குப் பெயராயிற்று. 1860-ஆம் ஆண்டளவில் பம்பாயில் பணியாற்றிய வான்டைக் கார்ட்டர் அதற்கு மைசீட்டோமா என்று பெயரிட்டார். வெறுங்காலுடன் வயலிலும் முட்புதரிலும் நடப்போரின் காலில், முள் தைத்த இடத்தில், வலியில்லாத கட்டியாகத் தொடங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கால் வீங்கி, பல துளைகள் திறந்து, சீழோடு சிறு மணிகள் வெளிவரும். எலும்பும் அரிக்கப்படும். வலி இல்லாததால் ஏழை உழவர் பொறுத்துக்கொண்டே இருப்பர். கடைசியில் காலையே இழப்போரும் உண்டு. 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்நோய் பூஞ்சையாலும் வரலாம், பாக்டீரியாவாலும் வரலாம். வெளித்தோற்றம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பாக்டீரியாவால் வந்தது நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். பூஞ்சையால் வந்தது அவற்றுக்கு அசையாது. பூஞ்சைக்கொல்லி மருந்து பல மாதங்கள் வேண்டும். பலருக்கு அறுவையும் வேண்டியிருக்கும். வெளிவரும் மணியின் நிறத்தையும் தசைத்துணுக்கையும் ஆராய்ந்த பிறகே மருத்துவர் மருந்தை முடிவு செய்வார். கருநிற மணி பூஞ்சையைக் காட்டும். சிவந்த மணி பாக்டீரியாவைக் காட்டும். வெண்ணிற மணி இரண்டிலும் வரும். காரணம் மாறினால் மருந்தும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி நம் வீட்டுப் படர்தாமரைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த குடும்பத்தில் ஓர் அம்மையாருக்கு இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், அரிப்பு கண்டது. கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் பூசினார். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தினார், திரும்ப வந்தது. மறுபடி பூசினார், மறுபடி நின்றது. இப்படியே ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது. அதற்குள் அது தொடைக்கும் முதுகுக்கும் பரவியது. மகளுக்கும் மூன்று வயதுப் பேரனுக்கும் தொற்றியது. பிறர் அறிந்தால் என்ன நினைப்பார்களோ என்று அவர் திருமணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் செல்வதையே நிறுத்திவிட்டார். தோல் மருத்துவரிடம் சென்ற பிறகே உண்மை தெரிந்தது. அந்தக் களிம்பில் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் வீரியமிக்க ஸ்டீராய்டும் ஒன்றாகக் கலந்திருந்தன.

ஸ்டீராய்டு தீய மருந்தன்று. உரிய நோய்க்கு உரிய அளவில் அது பெருந்துணை. ஆனால் பூஞ்சை இருக்குமிடத்தில் பூசினால், அப்பூஞ்சையை எதிர்த்துப் போராடும் உடலின் எதிர்ப்பை அது அடக்கிவிடுகிறது. சிவப்பும் அரிப்பும் அந்த எதிர்ப்பின் அடையாளங்கள். அவை மறைந்ததும் நோய் போயிற்று என்று மகிழ்கிறோம். பூஞ்சையோ தடையின்றிப் பரவுகிறது. வட்ட வடிவமும் குலைந்துவிடுவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிறது. நாட்பட்டால் தோல் மெலியும். தொடை இடுக்கில் வரிவரியாகக் கோடுகள் விழும். அக்கோடுகள் பின்னர் மறைவதில்லை. அந்தக் குடும்பத்தில் மூவருக்கும் ஒரே வேளையில் மருத்துவம் செய்தபின் நோய் நீங்கியது. அம்மையாரின் தோலில் கோடுகள் மட்டும் இன்றும் இருக்கின்றன. 2018-இல் இந்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது; சீட்டில்லாமல் கேட்பதை நாம்தான் இன்னும் விடவில்லை.

இத்தகைய தவறான பயன்பாடு ஊரளவில் பெருகும்போது, தீங்கு ஒருவரோடு நிற்பதில்லை. அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் படர்தாமரை எளிதில் தீராத நோயாக மாறியிருக்கிறது. 2020-இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று ஒரு பூஞ்சை தனிப் பெயர் பெற்றது. இந்தியாவின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூஞ்சையின் செல்சவ்வு உருவாகத் துணைசெய்யும் நொதி ஒன்றைத் தடுப்பதே டெர்பினாஃபின் மருந்தின் வேலை. இப்பூஞ்சை வகை பலவற்றில் அந்த நொதியே மாறியிருப்பதால் மருந்து பற்றுவதில்லை. ஆகவே பக்கத்து வீட்டாருக்குப் பலித்த மாத்திரை நமக்கும் பலிக்கும் என்று கொள்ள இயலாது.

மருத்துவம் எவ்வாறு அமையும் என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறிய அளவில் இருந்தால் பூஞ்சைக்கொல்லிக் களிம்பு மட்டுமே போதும். திட்டின் மேல் மட்டுமன்றி, ஓரத்திற்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். மறைந்த பின்னும் மருத்துவர் சொன்ன நாள்வரை, வழக்கமாக இரண்டு வாரமேனும், தொடர வேண்டும். பரவியிருந்தால் டெர்பினாஃபின், இட்ராகோனசோல் போன்ற உள்மருந்து வேண்டும். குழந்தைகளின் தலையில் முடி உதிர்ந்து திட்டாக வந்தால் களிம்பு முடியின் வேர்வரை எட்டாது, உள்மருந்தே தீர்வு. கால்நகத்திற்கு ஏறத்தாழ மூன்று மாதம் மாத்திரை. புது நகம் முழுதும் வளர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கல்லீரல் நோய், இதய நோய் உடையோரும், கருவுற்ற பெண்களும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உண்போரும் அதனை முன்பே சொல்லிவிட வேண்டும்.

நம் குடும்பங்களுக்கென்றே இரண்டு செய்திகள். இட்ராகோனசோல் கேப்சூல் வயிறு நிறைய உண்ட பிறகு விழுங்கினால்தான் உடலில் நன்கு சேரும். நோன்பிருப்போரும் இரவுணவு தவிர்ப்போரும் இதை மருத்துவரிடம் சொன்னால், காலை உணவோடும் பொழுது சாயுமுன் உண்ணும் உணவோடும் பொருந்துமாறு நேரம் வகுத்துத் தருவார். மற்றொன்று, கேப்சூலின் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. பாதியில் இதை அறிந்து, எவரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுவோர் நம்மிடையே உண்டு. அரைகுறை மருத்துவம் நோயை வளர்க்கும். தொடக்கத்திலேயே கேளுங்கள், தாவர உறையுள்ள மருந்தோ மாத்திரை வடிவில் வேறு மருந்தோ பொருந்துமா என்று மருத்துவர் பார்ப்பார். கொள்கையைச் சொல்வதில் நாணம் வேண்டாம்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோரையும் காட்டுங்கள். துண்டு, சீப்பு, உள்ளாடை ஆகியவற்றைத் தனித்தனியே வையுங்கள். நோயாளியின் துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். வழிபாட்டுக்காக நீராடிய பின் ஈர ஆடையோடு நெடுநேரம் இருக்க வேண்டாம். விரல் இடுக்குகளைத் துடைத்து உலர வையுங்கள். சர்க்கரை நோய் உடையோர் அதனைக் கட்டுக்குள் வைத்திருங்கள்.

காத்திருக்கக் கூடாத பூஞ்சை நோயும் ஒன்று உண்டு. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்று நாடே அஞ்சிய மியூகோர்மைக்கோசிஸ் அது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழக அரசு அதனைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்போருக்கு முகத்தின் ஒரு பக்கம் வலியோ மரமரப்போ, மூக்கில் கருநிறக் கசிவோ, கண்வீக்கமோ, பார்வை இரட்டையாகத் தெரிதலோ இருந்தால், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அழுகிய தசையை அறுத்து நீக்கி ஆம்ஃபோடெரிசின் மருந்தை ஏற்றுவதே அதற்கு வழி. ஒரு நாள் தாமதமும் கண்ணையோ உயிரையோ விலையாகக் கேட்கும்.

பெரியோர்களே! தோல் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இது பூஞ்சைதானா, சுரண்டிப் பார்க்கலாமா? இந்தக் களிம்பில் ஸ்டீராய்டு உண்டா? எத்தனை நாள் தொடர வேண்டும்? இளையோருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தாயோ பாட்டியோ இடுப்பைச் சொறிந்தபடி ஒன்றுமில்லை என்று சொன்னால், அதை நம்பிவிடாதீர்கள். பரிவோடு கேட்டு, நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள்.