போதும் என்னும் அளவு
(செமோர் வட்டார அடியார்களுக்காக நிகழ்த்தப்பெற்ற திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



55 வயதை நெருங்குவோர் இல்லந்தோறும் இன்று ஒரு கேள்வி எழுகின்றது. வேலையை விட்டு, எஞ்சிய நாளை இறைபணியிலும் பேரப்பிள்ளைகளோடும் கழிப்பதா? கைகால் திடமாக இருக்கும்வரை உழைத்து இன்னும் நாலு வெள்ளி சேர்ப்பதா? இல்லாள் ஒன்று சொல்வார். பிள்ளைகள் வேறொன்று சொல்வர். சந்நிதியில் கைகூப்பி நிற்கும்போதும் மனம் இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும்.

இவ்வாறு எண்ணிப் பார்க்க முடிவதே ஒரு பேறு. ஈப்போவுக்கு வடக்கே, செமோரைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்த காலத்தில், பொழுது புலருமுன் பால்மரம் சீவப் புறப்பட்ட தலைமுறைக்கு இக்கேள்வி எழவே வழியில்லை. உடல் தளர்ந்தபோது அவர்கள் வேலையை விட்டனர். தோட்டம் கைமாறித் துண்டாடப்பட்டபோது வேலை அவர்களை விட்டது. வேலை போனால் லயத்து வீடும் போயிற்று. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களும், 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபின், ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஓய்வு என்பது அவர்கள் தேர்ந்தெடுத்தது அன்று. அவர்கள்மேல் வந்து விழுந்தது.

அந்நிலையை மாற்றியவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, 1951இல் தொடங்கப்பெற்ற ஊழியர் சேமநிதி. மற்றொன்று, 2012ஆம் ஆண்டுக் குறைந்தபட்சப் பணி ஓய்வு வயதுச் சட்டம். 2013 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தால், தனியார் துறையில் ஒருவரை வயதைக் காரணம் காட்டி 60க்கு முன் ஓய்வுபெறச் செய்ய இயலாது. சேமநிதியோ 55 வயதிலேயே சேமிப்பை எடுக்க இடந்தருகின்றது. பணப்பெட்டி 55இல் திறக்கின்றது. வேலைக்குக் காப்பு 60 வரை நீள்கின்றது. இடைப்பட்ட இவ்வைந்து ஆண்டுகளே குடும்பங்களின் கேள்வியாக நிற்கின்றன.

இவ்வைந்து ஆண்டுகளின் மதிப்பைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதம் 2,000 வெள்ளி சம்பளம் பெறுபவருக்கு, அவர் பங்கு 11 விழுக்காடும் முதலாளி பங்கு 13 விழுக்காடுமாக மாதந்தோறும் 480 வெள்ளி சேர்கின்றது. ஐந்தாண்டில் இது 28,800 வெள்ளி. ஏற்கெனவே உள்ள ஒரு லட்சம் வெள்ளியைத் தொடாமல் விட்டு, ஆண்டுக்கு 5 விழுக்காடு இலாப ஈவு கிடைப்பதாகக் கொண்டால், அதுவும் ஏறத்தாழ 127,600 வெள்ளியாக வளரும். இவற்றுக்கு மேல், அந்த 60 மாதங்களில் குடும்பம் சேமிப்பைக் கரைக்காமல் சம்பளத்தில் வாழ்ந்திருக்கும்.

மறுபுறம் செலவையும் எண்ண வேண்டும். இந்நாட்டில் சராசரி ஆயுள் ஏறத்தாழ 75 ஆண்டுகள். 55இல் ஓய்வு பெறுபவர் 20 ஆண்டு வாழ்வதற்கு, மாதம் 1,000 வெள்ளி வீதம் 240,000 வெள்ளி வேண்டும். 2019இல் சேமநிதி வாரியம் அடிப்படைச் சேமிப்பாகக் காட்டிய தொகையும் இதுவே. விலைவாசி ஏறியதால் அவ்வளவு பின்னர் உயர்த்தப்பட்டது. பெருந்தொற்றின் நெருக்கடியில், 2020 முதல் 2022 வரை, சிறப்பு அனுமதிகளின்கீழ் ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி சேமநிதியிலிருந்து எடுக்கப்பட்டது. பல குடும்பங்களின் முதுமைக்கான அரிசி அன்றே உலையில் ஏறிவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 55இல் பணம் கைக்கு வரும் செய்தி பரவியதும் தேவைகளும் பெருகிவிடுகின்றன. மகனுக்குக் கார், மகளின் திருமணத்துக்குப் பெரிய மண்டபம், உறவினருக்குக் கைமாற்று. பெற்றோரின் முதுமைக்கு உரிய பணத்தில் முதல் உரிமை பெற்றோருக்கே என்பதைப் பிள்ளைகள் உணர்வது பெரிய அறம். அதை எடுத்துச் சொல்லப் பெற்றோரும் தயங்கலாகாது.

ஆயின், பணக்கணக்கோடு இது முடிந்துவிடுகின்றதா? தேவை தீர்ந்த பின்னும், அண்டை வீட்டாரிடம் உள்ளது தம்மிடம் இல்லையே என்று கூடுதல் நேர வேலைக்கு ஓடி, நீரிழிவும் முழங்கால் வலியும் பெற்று, சேர்த்ததை மருத்துவத்துக்குக் கொடுப்போரும் உண்டு. குறைவாகச் சேர்த்து ஓய்வது எத்துணை இடரோ, ‘போதும்’ என்ற சொல்லை அறியாமல் உழைப்பதும் அத்துணை இடரே.

தமிழுலகம் இரு வழிகளையும் கண்டிருக்கின்றது. யாழ்ப்பாணத்தில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், 1848இல் தம் ஆசிரியப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மணம் புரியாத அவர் 1879இல் மறையும்வரை சைவத்துக்கும் தமிழுக்குமே உழைத்தார். உ.வே. சாமிநாதையரோ குடும்பப் பொறுப்புடையவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஏற்ற பணியையும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரிப் பணியையும் 1919 வரை விடாது செய்தார். அச்சம்பளம் குடும்பத்தைத் தாங்கியபோதே சிந்தாமணியும் புறநானூறும் அவர் கையால் அச்சேறின. ஓய்வுக்குப் பின்னும் உழைத்து, 1937இல் தம் 82ஆம் வயதில் குறுந்தொகையை வெளியிட்டார். ஒருவர் பதவியை இளமையிலேயே விட்டார். மற்றவர் முதுமைவரை வகித்தார். இருவரும் எதற்காக அவ்வாறு செய்கின்றனர் என்பதை அறிந்திருந்தனர்.

இல்வாழ்க்கைக்குப் பின் வானப்பிரத்தம் என்று முன்னோர் வகுத்ததும் சோம்பியிருப்பதற்காக அன்று. பற்றைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவதற்காக. முதுமையிலும் திருநாவுக்கரசர் திருக்கரத்தில் உழவாரப்படை இருந்ததாகவே அடியார் உலகம் போற்றுகின்றது. கூலிக்கான வேலை நிற்கலாம், தொண்டு நிற்பதில்லை.

ஆதலின், முடிவெடுக்குமுன் கணவனும் மனைவியும் ஒருங்கமர்ந்து மூன்றைத் தெளிவது நலம். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் முடிந்தனவா? இவ்வேலையைத் தாங்க உடல் இடங்கொடுக்கின்றதா? விடியற்காலையில் எழுந்தபின் செய்யத்தக்க பணி ஒன்று காத்திருக்கின்றதா? கடன் இருந்து உடல் இடந்தந்தால், 60 வரை உழைப்பதில் குறைவில்லை. அதுவும் இல்லறத்தானின் வழிபாடே. கடன் தீர்ந்து, மாதச் செலவுக்கு வழியும் இருந்தால், ‘போதும்’ என்று சொல்லி வேலையை விடுவதிலும் குறைவில்லை. உடல் இடந்தராதபோது, வேலையை விடுபவரைக் குடும்பம் குறைகூறாமல் தாங்க வேண்டும்.

தந்தையும் பாட்டனும் பெறாத தேர்வுரிமை இத்தலைமுறைக்கு வாய்த்துள்ளது. ஆசையும் அச்சமும் அதனைப் பறித்துக்கொள்ளாதிருக்கத் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.