கடல் அவர்களுடையது என்றால் கரை யாருடையது?

(தாம்பரத்தில் நடைபெற்ற விளக்கப் பொதுக்கூட்டத்தில் விவசாயிகள் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

படப்பை, மண்ணிவாக்கம், அகரம்தென், மாம்பாக்கம், திருப்போரூர் பக்கமிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருங்குடி மக்களே! கோவளம் பக்கமிருந்து வந்திருக்கும் மீனவ அண்ணன் தம்பிகளே! தாய்மார்களே!

இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போனபோது ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார். "ஏம்பா செயலாளரே, ஏரி தூர் வாரலை, நவரைக்கு மதகு சரியில்லை, நெல்லைப் போட கொள்முதல் நிலையத்தில் இடமில்லை. இதையெல்லாம் விட்டுட்டு, கடல்ல எவனோ எண்ணெய் எடுக்கிறான்னு கூட்டம் போடுறியே, நமக்கும் கடலுக்கும் என்னப்பா?" என்றார். நியாயமான கேள்வி. அந்தப் பெரியவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சொல்லும் பதில்தான் இன்றைக்கு என் பேச்சு.

கடல் யாருக்குச் சொந்தம்?

நம்ம கழனிக்கு அடியில் பெட்ரோல் இருந்தாலும் அது நமக்குச் சொந்தமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடலில் அதைவிட மோசம். அரசியல் சட்டத்தின் 297-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை உள்ள கடலுக்கு அடியில் இருக்கிற நிலமும் கனிமமும் மத்திய அரசுக்குச் சொந்தம். அதையும் தாண்டி 200 கடல் மைல் வரை உள்ள கடல் வளமும் மத்திய அரசுக்குத்தான். தமிழ்நாட்டுக்கு ஒரு பிடி மண்கூட இல்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? அந்த 12 மைலுக்குள் ஓடுகிற மீன் மாநில அரசின் அதிகாரத்தில் வருகிறது. மீனுக்குக் கீழே இருக்கிற தரை டெல்லிக்கு. அமெரிக்காவில்கூட 1953-ல் சட்டம் போட்டு, கரையிலிருந்து 3 மைல் வரை கடலடி நிலத்தை அந்தந்த மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கே அதுவும் கிடையாது.

சரி, வருமானமாவது வருமா? நிலத்தில் எண்ணெய் எடுத்தால் ராயல்டி மாநிலத்துக்கு வரும். கடலில் எடுத்தால் மத்திய அரசுக்குப் போகும். 2016-ல் கொண்டுவந்த புதிய கொள்கைப்படி நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு ராயல்டி நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆழம் குறைந்த கடலில் ஏழரை. ஆழ்கடலில் முதல் 7 வருஷத்துக்கு ஒரு பைசா கிடையாது, அப்புறம் 5. மிக ஆழமான கடலில் அதே 7 வருஷம் கழித்து வெறும் 2. நாம் நகைக்கடன் வாங்கி ஒரு தவணை தள்ளிப்போனால் நோட்டீஸ் வருகிறது. கம்பெனிக்கு 7 வருஷம் தவணை!

அதே கொள்கையில் இன்னொன்றும் இருக்கிறது. பெட்ரோல், இயற்கை வாயு, மீத்தேன், ஷேல் வாயு என்று முன்னே தனித்தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே லைசென்ஸ். எந்த இடம் வேண்டும் என்று கம்பெனியே வரைபடத்தில் கோடு போட்டுக் கேட்கலாம். அரசு ஏலம் விடும்.

வரைபடத்தில் போட்ட கோடுகள்

அந்த முதல் ஏலத்தில் நாடு முழுக்க 55 வட்டாரங்கள் போயின. அதில் 41 வேதாந்தா கம்பெனிக்கு. 2018 அக்டோபர் 1 அன்று ஒப்பந்தம் போட்டார்கள். தமிழ்நாட்டுக் கரையில் வேதாந்தாவுக்குக் கிடைத்தது இரண்டு வட்டாரம். ஒன்று நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம். இன்னொன்று எங்கே ஆரம்பிக்கிறது? மரக்காணத்தில்! நம்ம செய்யூர் தாலுகாவைத் தாண்டினால் மரக்காணம். இரண்டிலும் பெரும்பகுதி கடல், கொஞ்சம் கரை. சோதனைக்கு மட்டும் 274 கிணறு தோண்ட அனுமதி கேட்டார்கள். அதை எதிர்த்துத்தான் 2019 ஜூன் 23-ல் மரக்காணத்திலிருந்து ராமேஸ்வரம் வரை மக்கள் கைகோத்து நின்றார்கள்.

அதோடு நின்றதா? ஒன்பதாவது ஏலத்தில் கன்னியாகுமரி ஆழ்கடலில் மூன்று வட்டாரம், 27,154.80 சதுர கிலோமீட்டர். 2025-ல் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் போட்டது. அதே ஏலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் ஆழ்கடலில் 5,330.49 சதுர கிலோமீட்டரும் வைக்கப்பட்டது. நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு பெரிசு. 2025 பிப்ரவரியில் அறிவித்த பத்தாவது ஏலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் 9,990.96 சதுர கிலோமீட்டர். முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைக் கைவிடச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒரு மாநிலமே கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்றால், உங்களையும் என்னையும் யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்க வேண்டியதில்லை என்று எழுதியே வைத்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் விதியைத் திருத்தினார்கள். சோதனைக் கிணறு தோண்ட இனிமேல் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. நிலமானாலும் சரி, கடலானாலும் சரி. ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு 2025 மார்ச்சில் அனுமதி போய்விட்டது. ஊரறியத் தெரிந்தது ஆகஸ்டில்! எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான், விடமாட்டோம் என்று மாநில அரசு சொன்னது. அனுமதி கொடுத்ததோ மாநில அளவில் இருக்கிற ஆணையம்.

நமக்கு என்ன என்று கேட்ட பெரியவருக்கு

இப்போது கேள்விக்கு வருகிறேன். கடலில் எடுக்கிற வாயுவைக் கடலிலேயே வைத்து விற்க முடியுமா? குழாய் போட்டுக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். புதுச்சேரிக்கு எதிரே கடலில் எடுத்த வாயு, கடலுக்கடியில் குழாய் வழியாக பிள்ளைபெருமாள்நல்லூர் கரைக்கு வந்தது. கரைக்கு வந்த குழாய் அங்கிருந்து எதன் வழியாகப் போகும்? கழனி வழியாகத்தான்.

அதற்கு 1962-லேயே ஒரு சட்டம் இருக்கிறது. பெட்ரோலியக் குழாய்ச் சட்டம். அதன்படி உங்கள் நிலத்தை எடுக்க மாட்டார்கள். பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும். தீர்வையும் நீங்கள்தான் கட்டுவீர்கள். நிலத்தின் "பயன்பாட்டு உரிமை" மட்டும் போய்விடும். அந்த உரிமைக்கு விலை, சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. பயிர் சேதத்துக்குத் தனியாகக் கொடுப்பார்கள். அதன்பிறகு குழாய் போகிற இடத்தில் நெல் போடலாம், வேர்க்கடலை போடலாம். கிணறு வெட்டக் கூடாது. குட்டை எடுக்கக் கூடாது. கொட்டகை போடக் கூடாது. ஒரு தென்னங்கன்று வைக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயிக்கு ஒண்ணரை ஏக்கர். நடுவில் குழாய் போனது. கிணறு தூர்ந்துபோச்சு, தள்ளி வெட்ட வழியில்லை. பேங்கில் கடன் கேட்டுப் போனார். "குழாய் போற நிலமாச்சே" என்று மேனேஜர் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். மகள் கல்யாணத்துக்கு விற்கப் பார்த்தார். வாங்க வந்தவன் மஞ்சள் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். இன்றைக்கும் நிலம் அவருடையதுதான். ஆனால் அவருக்கு ஆகவில்லை.

கோர்ட்டுக்குப் போனால் என்ன? கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்ட விவசாயிகள் கெயில் குழாயை எதிர்த்தார்கள். 2013-ல் மாநில அரசே அவர்கள் பக்கம் நின்றது. ரோடு ஓரமாகக் கொண்டுபோ என்றது. 2016 பிப்ரவரி 2-ல் சுப்ரீம் கோர்ட் மாநில அரசின் மனுவைத் தள்ளிவிட்டது. குழாய் வந்த பிறகு எதிர்ப்பது அவ்வளவு கஷ்டம். கோடு போடும்போதே கேட்க வேண்டும். அதனால்தான் இந்தக் கூட்டம்.

தண்ணீர்ப் பக்கம் பாருங்கள். மாடம்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரி எங்கே போகிறது? பள்ளிக்கரணை சதுப்புக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடல். தண்ணீர் போகிற அந்த வாய் வழியாகத்தான் கடல் ஏறும்போது உள்ளேயும் வருகிறது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு எதிரே இரண்டு கப்பல் மோதின. எண்ணெய் மெரினா, திருவான்மியூர் வரை ஒதுங்கியது. மாணவர்களும் மீனவர்களும் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரமே கறுத்துப்போனது. இது கிணறே தோண்டாமல் வந்த வினை. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் ஆழ்கடல் கிணறு வெடித்தது. 11 தொழிலாளிகள் செத்தார்கள். 87 நாள் அடைக்க முடியவில்லை. அது அமெரிக்கா. நம்மிடம் இருப்பது வாளி.

மீனவ அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை

1976-ல் இந்தியாவும் இலங்கையும் கடிதம் பரிமாறிக்கொண்டு, குமரிமுனைக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மீன்பிடிக் களம் இந்தியாவுக்கு என்று முடிவு செய்தன. இலங்கைப் படகுகள் மூன்று வருஷம் அங்கே மீன் பிடிக்கலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அதிலும் ஒரு நிபந்தனை. அதற்குள் இந்தியா அங்கே பெட்ரோல் தேட ஆரம்பித்தால், தேடும் பகுதியில் அந்தப் படகுகள் மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது, எண்ணெய் தோண்டுகிற இடத்தில் மீன் பிடிக்க முடியாது என்று! அன்றைக்கு அந்நியப் படகுக்குப் போட்ட நிபந்தனை, நாளைக்கு நம்ம படகுக்கு வரும்.

நாங்கள் வளர்ச்சிக்கு எதிரியா?

அப்படித்தான் சொல்வார்கள். நம்ம மோட்டார் கரண்டில் ஓடுகிறது. வீட்டில் கேஸ் அடுப்பு எரிகிறது. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85-க்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பதும் உண்மை. எரிபொருளே வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. எங்கே தோண்டுவது, குழாய் எந்த வழியாகப் போவது, நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்று, பாதிக்கப்படுகிறவனைக் கேட்டு முடிவு செய் என்கிறோம். வீட்டு மனைக்குப் பாதி கழனியைக் கொடுத்துவிட்டோம். மீதிப் பாதியையும் கேட்காமல் எடுக்காதே என்கிறோம்.

2020-ல் மாநில அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்கள், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் உட்கார்ந்ததால் வந்த சட்டம் அது. பட்டியலில் செங்கல்பட்டு இல்லை, காஞ்சிபுரம் இல்லை, மரக்காணம் இல்லை. ஏரிப்பாசனக்காரன் விவசாயி இல்லையா?

நமது கோரிக்கைகள்:

1. சென்னை அருகே ஆழ்கடல் வட்டாரத்தையும் மரக்காணம் வட்டாரத்தையும் ரத்து செய்!

2. சோதனைக் கிணறானாலும் மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயம் என்று விதியைத் திருத்து!

3. வேளாண் மண்டலச் சட்டத்தைச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம் மாவட்டங்களுக்கும் கொண்டு வா!

4. குழாயை ரோடு ஓரமாகக் கொண்டு போ! விவசாயி சம்மதம் இல்லாமல் கழனியில் இறங்காதே!

இதெல்லாம் மேடையில் பேசி நடக்காது. வருகிற கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் இந்த நாலையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். "இது அஜெண்டாவில் இல்லை" என்பார்கள். எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள், நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். மாநகராட்சிக்குள் போய்விட்ட ஊர்க்காரர்கள் கலெக்டருக்கு மனுவாகக் கொடுங்கள். குப்பத்துக்காரர்கள் அவர்கள் ஊர்க்கூட்டத்தில் போடட்டும். எல்லா நகலையும் சங்கத்தில் சேருங்கள். கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு, கழனிக்காரனும் கடல்காரனும் ஒன்றாகக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்காருவோம்.

பெரியவரே, ஏரி மதகு, கொள்முதல் நிலையம் எல்லாம் சங்கத்தின் நோட்டில் இருக்கிறது, மறக்கவில்லை. ஆனால் மதகைச் சரிசெய்து தண்ணீர் விடுகிற அன்றைக்கு, பாய்ச்சக் கழனி நம்ம கையில் இருக்கணும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

கழனி காப்போம்! கடல் காப்போம்! விவசாயி மீனவர் ஒற்றுமை ஓங்குக!