மரபணு தலையெழுத்தா?

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில், வைத்தியத் துறையில் பணிபுரியும் பழைய மாணவிகள் இணைந்து ஆற்றிய உரை)



மாரடைப்பிலிருந்து தப்பியவரின் வீட்டார் எங்களிடம் முதலில் கேட்பது, "இனி எப்படி இருக்கும்?" என்பதுதான். அண்மைக்காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது: "மரபணுவைச் சோதித்தால் அதைச் சொல்லிவிடலாமாமே?" இந்த இரண்டாவது கேள்விக்கு இன்று விடைகூற விரும்புகிறோம்.

ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் 9பி21 என்ற இடத்திலுள்ள சில மாற்றங்கள் மாரடைப்பு வரும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று 2007 ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அப்படியானால் ஏற்கெனவே இதயநோய் உள்ளவருக்கு அடுத்து நேரப்போவதையும் அதே இடம் காட்டவேண்டும் அல்லவா? பெருந்தொகையான நோயாளரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது அது அவ்வாறு காட்டவில்லை. நாடியில் கொழுப்புப் படியச் செய்யும் காரணங்கள் வேறு. பாதிப்பின் பின் இதயம் தாக்குப்பிடிப்பதைத் தீர்மானிக்கும் காரணங்கள் வேறு.

எனினும் மரபணுச் சோதனை பயன்தரும் ஓரிடம் உண்டு. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் குருதி உறையாதிருக்கக் குளோபிடோகிரெல் என்ற மாத்திரை கொடுக்கப்படுகிறது. ஈரலிலுள்ள நொதியம் அதை மாற்றினால்தான் அது வேலை செய்யும். அந்த நொதியத்துக்கான மரபணு சிலரில் செயலற்ற வடிவில் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அவ்வடிவத்தைப் பெற்றவர்களுக்கு மருந்து போதிய பலன் தராது என்று 2010 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இவ்வடிவம் ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடையே அதிகம். மாற்று மருந்துகள் உள்ளன. அதை வைத்தியர் தீர்மானிப்பார். இதைக் கேட்டுவிட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது ஸ்டென்ட் அடைபட்டு உயிராபத்தில் முடியலாம்.

வைத்தியசாலையில் பார்க்கும் ட்ரோபோனின் மரபணுச் சோதனை அல்ல. அது, சேதமடைந்த இதயத்தசையிலிருந்து குருதியில் கசியும் புரதம். உணர்திறன் கூடிய ட்ரோபோனின் சோதனையில் பெண்களுக்குரிய எல்லை ஆண்களுடையதைவிடக் குறைவானது. நோயாளியின் நிலையைக் கணிக்க வைத்தியர்கள் பயன்படுத்தும் கிரேஸ் புள்ளிமுறையோ வயது, நாடித்துடிப்பு, குருதியமுக்கம், சிறுநீரகத்தின் நிலை, ஈ.சீ.ஜீ. மாற்றங்கள் போன்றவற்றையே பார்க்கிறது. அதில் மரபணுவுக்கு இடமில்லை.

ஆகவே சகோதரிகளே, "அம்மாவுக்கும் இருந்தது, எங்கள் தலையெழுத்து" என்று ஒதுங்கிவிடாதீர்கள். குடும்பத்தில் இதயநோய் இருந்தால் குருதியமுக்கம், சீனி, கொழுப்பு ஆகியவற்றை வேளைக்கே சோதித்துக்கொள்ளுங்கள். அடைபட்ட நாடி எவ்வளவு விரைவில் திறக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு இதயத்தசை பிழைக்கும். இங்கேதான் பெண்கள் பிந்திவிடுகிறார்கள். நெஞ்சுநோவோடு, சிலவேளை அது இல்லாமலும், மூச்சிரைப்பு, ஓங்காளம், குளிர்வியர்வை, தாடையிலோ முதுகிலோ நோ, காரணமற்ற களைப்பு என்றெல்லாம் மாரடைப்பு வரலாம். நாமோ அதை வாய்வு என்று சொல்லி, இஞ்சித் தேத்தண்ணீர் குடித்து, அடுப்பு வேலையை முடித்துவிட்டுப் படுக்கிறோம். அப்படிச் செய்யாமல் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசமானது.

விஞ்ஞானம் படிக்கும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. இதயநோய் பற்றிய மரபணு ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்யப்பட்டவை. அவர்களிடம் கண்ட முடிவு எங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை எங்கள் மக்களிடையே ஆராய்ந்துதான் அறியவேண்டும். அந்த வேலைக்கு இந்தப் பாடசாலையிலிருந்தும் சிலர் வரவேண்டும் என்று விரும்புகிறோம்.