தராசு முள் நகராத மாதம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



ஆண்டு பிறந்தால் நம் வீடுகளுக்குப் புதிய நாள்காட்டி வருகிறது. கூடவே உடம்பை இளைக்க வைக்க வேண்டும் என்ற முடிவும் வருகிறது. நாள்காட்டி டிசம்பர் வரை சுவரில் தொங்குகிறது. முடிவோ பெரும்பாலும் மார்ச் மாதத்தைத் தாண்டுவதில்லை. ஏன் மார்ச்? ஏறக்குறைய அந்த மாதத்தில்தான் தராசு முள் நகர மறுக்கிறது.

இது அழகைப் பற்றிய பேச்சு அல்ல. மலேசிய சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. இந்த நோயில் இந்தியர்களின் விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டி வந்துள்ளன. கால் விரலை இழந்தவர், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர் என்று யாரையாவது அறியாத குடும்பம் நம்மிடையே குறைவு. ஆகவே மார்ச் மாதத்தில் ஒருவர் கைவிடும் முயற்சி, சட்டை அளவோடு முடிந்துபோகும் விஷயமல்ல.

உதாரணத்துக்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கிள்ளான் வட்டாரத்தில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் குடும்பத் தலைவி. வயது 46. எடை 74 கிலோ. இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர். ஆசிய இனப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 என்ற எல்லையை மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். உடற்பயிற்சி நிலையத்துக்குப் போக அவருக்கு நேரமும் இல்லை, மாதக் கட்டணத்துக்குப் பணமும் இல்லை. அவரிடம் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தராசு, தையல்காரர் பயன்படுத்தும் நாடா.

முதலில் தேநீரைப் பார்ப்போம். அவர் நாளுக்கு இரண்டு குவளை தே தாரிக் குடிப்பவர். குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பால் என்று வைத்தால், பாலில் மட்டும் நாளுக்குச் சுமார் 260 கலோரி. அதை விட்டு, சீனியும் பாலும் இல்லாத ‘தே ஓ கோசோங்’குக்கு மாறுகிறார். ஒரு கிலோ கொழுப்பு என்றால் 7,700 கலோரி என்பது பழைய கணக்கு. அதன்படி ஓராண்டில் 12 கிலோ குறைய வேண்டும். விளம்பரங்கள் இந்தக் கணக்கைத்தான் விற்கின்றன.

உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. எடை குறையக் குறைய, அதைச் சுமக்கச் செலவாகும் சக்தியும் குறைகிறது. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் அவருடைய சகாக்களும் 2011இல் ‘லான்செட்’ இதழில் வேறொரு கணக்கை வெளியிட்டார்கள். நாள்தோறும் 24 கலோரி குறைத்தால் இறுதியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஏறத்தாழ முழுவதும் குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். அப்படியானால் அந்த 260 கலோரிக்கு முதலாண்டில் கிடைப்பது சுமார் ஐந்தரை கிலோ. 12 கிலோவை எதிர்பார்த்தவருக்கு இது தோல்வியாகத் தெரியும். உண்மையில் அதுதான் சரியான வேகம்.

இப்போது நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவோம். முதல் வாரத்திலேயே ஒன்றரை கிலோ குறைகிறது. வீட்டில் ஒரே மகிழ்ச்சி. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். சோற்றையும் சீனியையும் குறைத்ததும் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் வெளியேறுகிறது. இதே காரணத்தால்தான் தீபாவளி வாரத்தில் முறுக்கும் அதிரசமும் சாப்பிட்டவருக்குத் திடீரென இரண்டு கிலோ கூடுகிறது. அதுவும் பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான். பழைய உணவுக்குத் திரும்பினால் சில நாட்களில் இறங்கிவிடும். அந்த இரண்டு கிலோவைப் பார்த்துவிட்டு, எல்லாம் போயிற்று என்று முயற்சியையே விட்டுவிடுவோர்தான் ஏராளம்.

எனவே ஒரு நாள் எடையை நம்பக் கூடாது. காலையில் கழிப்பறை சென்று வந்ததும், பசியாறுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்தால் வரும் சராசரியே அந்த வாரத்தின் எடை. மாதவிலக்கை ஒட்டிப் பெண்களுக்கு உடலில் நீர் தங்கும். ஆகவே அவர்கள் சென்ற மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது. இடுப்பை மாதம் இருமுறை அளந்தால் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்து அளப்பவர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்கிறார்.

தட்டைப் பொறுத்தவரை, சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுகு சுகு செபாரோ’ முறையே அவருக்குப் போதும். கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். நம்மவர்கள் உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காய்கறியில் சேர்த்துவிடுகிறார்கள். அது சோற்றின் பக்கம் போக வேண்டியது. தைப்பூச விரதத்தில் சைவம் சாப்பிட்டும் எடை கூடியது ஏன் என்று கேட்பவர்கள், வடையையும் பாயாசத்தையும் நோட்டில் எழுதினார்களா என்று பார்க்க வேண்டும்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, கூடத்தில் பாய் விரித்துப் பயிற்சி செய்யப் பலர் கற்றுக்கொண்டார்கள். அது வீண்போகவில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நடை மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நம் குடும்பத் தலைவிக்குச் சமையலறைச் சுவர், சாப்பாட்டு நாற்காலி, மாடிப்படி, ஐந்து கிலோ அரிசிப் பை ஆகியவையே கருவிகள். ஜனவரியில் சுவரில் கை ஊன்றி எட்டுத் தண்டால். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை. ஏப்ரலில் சுவருக்குப் பதில் உறுதியான மேசையின் விளிம்பு. ஆகஸ்டில் தரையில் முழங்கால் ஊன்றித் தண்டால். அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து பதினைந்து முறை எழுகிறார். மூட்டு வலி இருந்த மாதத்தில் நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொண்டார். இந்த எண்களும் நோட்டில் ஏறுகின்றன.

மார்ச் மாதத்துக்கு வருவோம். மூன்று வாரமாக எடை 71.5 கிலோவிலேயே நிற்கிறது. ஆனால் இடுப்பு 91இலிருந்து 89.5 ஆகியிருக்கிறது. கொழுப்பு போகிறது, தசை கூடுகிறது. இரண்டையும் தராசு ஒரே எண்ணில் போட்டு மறைத்துவிடுகிறது. நாடா இல்லாதவர் அந்த மாதத்தில்தான் நோட்டை மூடுகிறார்.

தெற்காசியர்களான நமக்கு இது முக்கியமாகப் பொருந்தும். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை என்ற குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ வெள்ளைக்கார மருத்துவருக்கு 9.1 விழுக்காடு, இந்திய மருத்துவருக்கு 21.2 விழுக்காடு. “நான் ஒல்லிதானே” என்று சொல்லும் நம்மவர்களும் நாடாவை எடுக்க வேண்டும்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இனிப்புநீரின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவை மாற்றி, நாளுக்கு அரை மணி நேரமாவது நடந்தவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. இதில் வியப்பு என்னவென்றால், இவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. தராசு நகராமலேயே நோய் தள்ளிப்போயிருக்கிறது!

முப்பது நாளில் தொப்பை கரையும் என்று விற்கும் மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிபுட்ராமின் என்ற மருந்து, இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் பல நாடுகளில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகும் மெலிவுப் பொருள்களில் அது கலந்திருப்பதைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது.

டிசம்பர் பக்கத்தில் எடை 68.5 கிலோ, இடுப்பு 86 சென்டிமீட்டர். ஐந்தரை கிலோ குறைந்திருக்கிறது. அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் மாதம் ஒன்றாக எடுத்த பன்னிரண்டு படங்களில், அடுத்தடுத்த இரண்டுக்குள் வித்தியாசமே தெரியாது. முதலாவதையும் கடைசியையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். இடுப்பு இன்னும் 80க்கு மேலேதான். அவர் இரண்டாவது நோட்டு வாங்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே இன்சுலின் ஊசியோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும், உணவைக் குறைக்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பழைய அளவு மருந்தோடு புதிய அளவு சோறு சாப்பிட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதற்காக மருந்தைத் தாமே நிறுத்துவதும் தவறு. கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரையின் நிலையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு அரசாங்கக் கிளினிக் செல்லும்போது, அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.