பலூன் சுருங்கியது, டியூப் ஏன் சுருங்கவில்லை?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு விழா முடிந்த மறுநாள், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் மேடையில் கட்டியிருந்த பலூனோடு என்னிடம் வந்தான். “சார், இது ஒரே ராத்திரியில சுருங்கிப் போச்சு. அப்பா சைக்கிள் டியூப் மட்டும் ஏன் சுருங்கல? ரெண்டும் நம்ம ரப்பர்தானே?” என்று கேட்டான்.

“டியூப் தடிப்பா இருக்கு, அதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு புத்தகத்தைப் புரட்டினேன். நான் சொன்னது பாதிதான். மீதிப் பாதியை இன்று உங்கள் முன் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பலூன் நம்ம மரத்துப் பால். சைக்கிள் டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். பெட்ரோலியத்திலிருந்து செய்வது.

பியூட்டைல் என்பது 4 கார்பன், 9 ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த ஒரு கூட்டம். வெண்ணெயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். கெட்ட வெண்ணெயில் நாறும் பியூட்டிரிக் அமிலத்திலும் 4 கார்பன்தான். ஒட்டுப்பால் நாற்றத்திலும் அந்த அமிலம் உண்டு. ஆக, படிக்காத பாட்டிக்கும் இந்தக் குடும்பத்தை மூக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறது!

மாணவர்களே, நான்கு பேர் கைகோத்து நில்லுங்கள். வரிசையாக நிற்கலாம், ஒருவர் நடுவில் நிற்க, மூவர் அவரைப் பிடித்துக்கொள்ளவும் செய்யலாம். ஆள் அதேதான், நிற்கும் விதம்தான் வேறு. குணமும் மாறிவிடும். வரிசையாக நிற்கும் பியூட்டைல், பியூட்டைல் அசிடேட்டாகி மேசை நாற்காலிக்கு அடிக்கும் லேக்கரில் கரைப்பானாகிறது. நடுவில் ஒருவர் நிற்கும் வகை, பி.எச்.டி. என்ற பொருளில் இருந்துகொண்டு எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் காக்கிறது.

இதே 4 கார்பன் குடும்பத்தில் ஐசோபியூட்டிலீன் என்று ஒரு வாயு. 1937இல் அமெரிக்காவில், நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் ஆய்வுக்கூடத்தில், ஸ்பார்க்ஸ், தாமஸ் என்ற இருவர் அதைச் சங்கிலியாகக் கோத்து இந்த ரப்பரைச் செய்தார்கள். சங்கிலியின் இருபுறமும் அணுக்கூட்டங்கள் நெருக்கியடித்து நிற்பதால் காற்று எளிதில் நுழைய முடியாது. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் நம்ம ரப்பர் அமெரிக்காவுக்குப் போவது நின்றது. 1943இல் அங்கே இதைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினார்கள்.

“அப்போ நம்ம பாலுக்கு மதிப்பில்லையா?” என்று கேட்காதீர்கள். பியூட்டைல் ரப்பரில் 100க்கு ஏறக்குறைய 98 பங்குதான் ஐசோபியூட்டிலீன். மீதி 2 பங்கு ஐசோப்ரீன். அது இல்லாவிட்டால் கந்தகம் போட்டு வேகவைத்தாலும் ரப்பர் இறுகாது. நீங்கள் மங்கில் சேர்க்கும் ரப்பர் முழுக்க முழுக்க அந்த ஐசோப்ரீன் கோத்த சங்கிலிதான்! விமானச் சக்கரம் தரையில் மோதி இறங்கும்போது தாங்குவதும் பெரும்பாலும் நம்ம மரத்து ரப்பரே.

பெற்றோர்களே, பிள்ளை கேள்வி கேட்டால், “போய் வேலையைப் பாரு” என்று அதட்டாதீர்கள். “சாரைப் போய்க் கேளு” என்று அனுப்புங்கள். தெரியாவிட்டால் நான் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அந்த மாணவன் இன்று இடைநிலைப்பள்ளிச் சட்டையில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். தம்பி, உனக்கு நான் பட்ட கடன் தீர்ந்தது. அடுத்த கேள்வியைக் கொண்டு வா!