ஒட்டும் சொல், வெட்டும் சொல்



ஆங்கிலத்தில் 'கிளீவ்' என்றொரு சொல் உண்டு. பிளப்பது என்றும் பொருள். விடாமல் ஒட்டிக்கொள்வது என்றும் பொருள். பழைய ஆங்கிலத்தில் தனித்தனியாக இருந்த இரு சொற்கள் காலப்போக்கில் ஒரே உருவம் பெற்றுவிட்டன. நாம் தாள்களைச் சேர்க்கப் பயன்படுத்தும் 'கிளிப்' என்பதும் அப்படித்தான். முடியைக் கத்தரிப்பதற்கும் அதே சொல்.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் 'கிளீவ்' இரு பொருளிலும் வருகிறது. தொடக்க நூல் 2ஆம் அதிகாரத்தில் கணவன் மனைவியுடன் ஒன்றிப்பதற்கு இச்சொல். 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் எரிபலிக்கு விறகு பிளப்பதற்கும் இதுவே. எபிரேய மூலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. பிளப்பதற்கு வேறு சொல்; ஒட்டுவதற்கு 'தாவாக்'. இன்றைய எபிரேயத்தில் பசைக்கான 'தெவெக்' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே.

ஆனால் அந்த 2ஆம் அதிகார வசனத்தைக் கவனியுங்கள். ஒன்றிப்பதற்கு முன்னால் தாய் தந்தையை விட்டுவிடுதல் வருகிறது. திருமணத் திருப்பலியில் இதை வாசிக்கிறோம். பிறகு பந்திக்குப் போய்விடுகிறோம், குருக்களாகிய நாங்களும்தான்! ஓராண்டு கழித்து அதே தம்பதியர் பங்கு இல்லத்து வாசலில் ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பி நிற்கும்போதுதான், விட வேண்டியது இன்னும் விடப்படவில்லை என்று தெரிகிறது.

விடுவது என்றால் பெற்றோரைக் கைவிடுவதா? இல்லை. ரூத்து நூலின் முதல் அதிகாரத்திலும் இதே 'தாவாக்' வருகிறது. ரூத்து பற்றிக்கொண்டது யாரை? மாமியாரை! கணவன் இறந்துவிட்டான், ஓர்பா முத்தமிட்டு விடைபெற்றார், ரூத்து மட்டும் நகோமியை விடவில்லை. அதற்காகத் தாம் பிறந்த மோவாபு நாட்டை விட்டு வந்தார்.

சென்ற மாதம் ஒரு தாய் நம்மிடம் வந்து அழுதார். மருமகள் வந்தபின் மகன் தன்னிடம் ஒட்டுவதில்லை என்றார். நாம் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி, "ரூத்து நூலை வாசியுங்கள் அம்மா, நான்கே அதிகாரம்தான்" என்று அனுப்பிவைத்தோம். மருமகளின் அன்பைப் பற்றி ஏதாவது சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தோம். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவர் கேட்டார்:

"சாமி, 'உங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போங்கள்' என்று நகோமிதானே முதலில் சொன்னாள்?"

"ஆமாம் அம்மா."

"அதை நான் என் மகனிடம் இன்னும் சொல்லவில்லை சாமி."